கண்ணழுத்தத் துளிமருந்து கண்ணின் நிறத்தை மாற்றுமா?

களுவாஞ்சிகுடியில் இருக்கும் என் பெரியம்மாவுக்குக் குளுக்கோமா என்ற கண்ணழுத்த நோய் இருப்பதாகக் கண்டறிந்து, இரவில் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு துளி என்று மருந்து தொடங்கி ஒன்றரை வருடமாகிறது. ஆறாம் மாதமளவில் ஒரு நாள் அவர் கண்ணாடிக்கு முன்னால் நின்று, கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தபடி, "இமையெல்லாம் கறுக்குது மனே. மறுகா கண்ணும் நிறம் மாறிப் பார்வையும் போனா என்ன செய்யிற?" என்று கேட்டார். அந்தத் துளி கண்ணின் நிறத்தையே மாற்றிவிடும் என்றும், வெளிநாட்டில் ஒருவருடைய பச்சைக் கண் மண்ணிறமாகிப் போய்விட்டது என்றும் அயலில் ஒருவர் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்ட நாளிலிருந்து நான்கு இரவுகள் பெரியம்மா மருந்தைத் தொடவேயில்லை என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அயலவர் சொன்னது பொய்யல்ல. குளுக்கோமாவுக்குக் கொடுக்கப்படும் ஒரு வகைத் துளிமருந்து சிலருடைய கண்ணின் நிறத்தை உண்மையாகவே மாற்றுகிறது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளிலும் அது எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் எந்த மருந்து, கண்ணின் எந்தப் பகுதி, எப்படிப்பட்ட கண், மாறினால் பார்வைக்கு என்ன ஆகும் என்ற நான்கு கேள்விகளும் கேட்கப்படாமலே அந்தச் செய்தி வாய்க்கு வாய் போய்க்கொண்டிருக்கிறது. கிளினிக் வாங்கில் கொப்பியோடு காத்திருக்கும்போது பக்கத்தில் இருப்பவர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு கதை வருகிறது. அந்த நான்கு கேள்விகளையும் மருத்துவம் படிக்காத ஒருவர் விளங்கிக்கொள்ளும் அளவுக்கு இங்கே எழுதுகிறேன்.

கருவிழி என்ற ஒரே சொல்

குழப்பத்தின் முதல் முடிச்சு மருந்தில் அல்ல, நமது பேச்சில் இருக்கிறது. கண்ணின் நடுவில் கறுப்பாகத் தெரிவது முழுவதையும் நாம் கருவிழி என்றோ கண்முழி என்றோ சொல்லிவிடுகிறோம். அங்கே ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பொருள்கள் இருக்கின்றன.

எல்லாவற்றுக்கும் முன்னால், கைக்கடிகாரத்தின் மேல் கண்ணாடி கவிந்திருப்பதுபோல, நிறமே இல்லாத ஒரு தெளிவான படலம் இருக்கிறது. அதன் பெயர் கோர்னியா. கண்தானம் செய்தவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குப் பொருத்தப்படுவது இதுதான். அதற்குப் பின்னால், நடுவில் துளையுள்ள வட்டமான ஒரு திரை தொங்குகிறது. பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் கதிராளி என்று படித்தது இதுவே. அந்தத் துளைக்குக் கண்மணி என்று பெயர். டோர்ச் வெளிச்சத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்தால் துளை சுருங்குவதையும், வெளிச்சத்தை அகற்றினால் அது மீண்டும் விரிவதையும் வீட்டில் எவரும் பார்க்கலாம். துளையைச் சுருக்கி விரிப்பது கதிராளியின் தசைதான்.

ஒருவருக்குக் கபிலக் கண், இன்னொருவருக்குப் பூனைக்கண் என்று நாம் சொல்வதெல்லாம் கதிராளியின் நிறத்தைத்தான். கண்மணி எல்லோருக்கும் கறுப்பே, கோர்னியாவுக்கு நிறமில்லை. ஆகவே இந்தக் கட்டுரையில் கண்ணின் நிறம் என்று வரும் இடமெல்லாம் கதிராளியின் நிறம் என்றே கொள்ள வேண்டும். பார்வைக்குரிய ஒளி கண்மணி என்ற துளையின் வழியாகவே உள்ளே போகிறது, திரையின் துணி வழியாக அல்ல என்பதையும் இப்போதே மனதில் வைத்துக்கொண்டால், பின்னால் வருவது இலகுவாக விளங்கும்.

வாவியும் முகத்துவாரமும்

குளுக்கோமாவைக் "கண் பிரஷர்" என்று சொல்வதால் அதை இரத்த அழுத்தத்தோடு சேர்த்து எண்ணுபவர்கள் பலர். பிரஷர் குளிசை ஒழுங்காகப் போடுகிறேன், பிறகேன் கண்ணுக்குத் தனியாக மருந்து என்று கேட்பவர்களைக் கண்டிருக்கிறேன். கண்ணழுத்தம் வேறு, இரத்த அழுத்தம் வேறு. கண்ணழுத்தம் என்பது கண்ணுக்குள் ஊறும் ஒரு நீர் கண்ணின் சுவரை உள்ளிருந்து தள்ளும் விசை. அந்த நீர் கண்ணீரும் அல்ல. கண்ணீர் வெளியே சுரந்து வெளியே வடிவது. இது உள்ளே சுரந்து உள்ளேயே வடிந்து இரத்தத்தில் கலப்பது. ஒரு நாள் முழுவதும் சுரந்தாலும் ஒரு தேக்கரண்டி நிறையாத அளவு அது.

மட்டக்களப்பு வாவியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது கஷ்டமில்லை. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பக்கத்திலிருந்து ஆறுகளும் வாய்க்கால்களும் வாவிக்கு நீரைக் கொண்டுவந்து கொண்டே இருக்கின்றன. அந்த நீர் பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் உள்ள முகத்துவாரங்களால் கடலுக்குப் போகிறது. மாரி மழையில் வரத்து மிகுந்திருக்கும்போது முகத்துவாரத்தை மண் அடைத்திருந்தால் வாவி ஏறும். கரையோர வயல்கள் நீரில் நிற்கும். அப்போது முகத்துவாரத்தை வெட்டிவிடச் சொல்லி விவசாயிகள் கேட்பார்கள். கண்ணிலும் நீர் ஊறுவது நிற்பதில்லை. கதிராளிக்கும் கோர்னியாவுக்கும் இடையிலுள்ள மூலையில் சல்லடைபோன்ற ஒரு வடிகால் இருக்கிறது. அதுதான் கண்ணின் முகத்துவாரம். வயது போகப்போக அந்தச் சல்லடை சிலருக்கு மெல்ல அடைபடுகிறது. வரத்து குறையாமல் போக்கு குறைந்தால் அழுத்தம் ஏறத்தான் செய்யும்.

கண்ணழுத்தத்தின் வழமையான அளவு 10 முதல் 21 மில்லிமீற்றர் இரசம் என்பார்கள். அழுத்தம் ஏறினால் முதலில் அடிபடுவது கண்ணின் பின்புறத்தில் மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பு. அதில் ஏறத்தாழப் பத்து இலட்சம் இழைகள் இருக்கின்றன. அவை ஓரத்துப் பார்வையிலிருந்து தொடங்கி, வலியும் இல்லாமல் சத்தமும் இல்லாமல், ஒவ்வொன்றாகப் பட்டுப்போகின்றன. பட்ட இழை திரும்பத் தளிர்ப்பதில்லை. அழுத்தம் வழமையான எல்லைக்குள் இருந்தும் நரம்பு சேதப்படும் வகையும் உண்டு. அங்கும் செய்யப்படுவது அழுத்தத்தை இன்னும் இறக்குவதுதான்.

சுருக்கமாக: குளுக்கோமா என்பது பெரும்பாலும் கண்ணுக்குள் ஊறும் நீர் வடிய வழி குறைவதால் வரும் நரம்புச் சேதம். துளிமருந்து இழந்த பார்வையைத் தருவதற்கு அல்ல, இருக்கும் பார்வையைக் காப்பதற்கு. மருந்து விட்டும் பார்வை கூடவில்லையே என்று நிறுத்துபவர்கள் தவறவிடுவது இந்த ஒரு வேறுபாட்டைத்தான்.

மணலுக்குள் கசியும் இரண்டாம் வழி

வாவியின் நீர் முழுவதும் முகத்துவாரத்தால் மட்டுமே போவதில்லை. வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள எழுவான்கரை மணற்பூமி. எவ்வளவு மழை பெய்தாலும் முற்றத்தில் நீர் நின்ற இடம் மறுநாள் காய்ந்துவிடுவது, அது மணலுக்குள் கசிந்து போவதால்தான். கண்ணுக்குள்ளும் இப்படி ஒரு கசிவு வழி இருக்கிறது. கதிராளிக்குப் பின்னால் வட்டமாக அமைந்த ஒரு தசையின் இழைகளுக்கு இடையிலுள்ள சந்துகளால் நீரின் ஒரு பகுதி ஊறி வெளியேறுகிறது. இயல்பாக இது சிறு வழி. இந்தச் சிறு வழியை அகலமாக்க முடியுமானால், அடைபட்ட முகத்துவாரத்தைத் தொடாமலே அழுத்தத்தை இறக்கலாம் அல்லவா? நாம் பேசும் துளிமருந்து செய்வது அதைத்தான்.

நமது உடலில் புரொஸ்டாகிளாண்டின் என்று ஒரு பொருட் குடும்பம் இருக்கிறது. காய்ச்சல், வீக்கம், பிரசவ வலி எனப் பலவற்றிலும் இவற்றுக்குப் பங்குண்டு. ஓர் இடத்தில் உருவாகி அந்த இடத்துக் கலங்களுக்கே செய்தி சொல்லும் தூதர்கள் இவை. இவை பற்றிய ஆராய்ச்சிக்காக மூன்று விஞ்ஞானிகளுக்கு 1982இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. புரொஸ்டாகிளாண்டின் கண்ணில் பட்டால் கண் சிவந்து வீங்கும் என்று மட்டுமே மற்றவர்கள் எண்ணியிருந்த காலத்தில், அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் இருந்த லாஸ்லோ பிட்டோ, மிகச் சிறிய அளவில் அது கண்ணழுத்தத்தை இறக்குவதை விலங்குகளில் கண்டார். அந்த வழியில் சுவீடனில் உருவாக்கப்பட்ட லட்டானோப்ரோஸ்ட் 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ட்ராவோப்ரோஸ்ட், பிமாட்டோப்ரோஸ்ட் ஆகியவை 2001இல் வந்தன. டாஃப்லுப்ரோஸ்ட் அதற்குப் பிறகு வந்தது.

இந்த மருந்து கண்ணுக்குள் போனதும், அந்தத் தசை இழைகளுக்கு இடையில் கட்டுப் பொருளாக இருக்கும் புரதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து இளகுகிறது, சந்துகள் அகலுகின்றன, கசிவு கூடுகிறது. இறுகிய களிமண்ணை மண்வெட்டியால் கிளறி மணல் கலந்து விட்டால் நீர் உறிஞ்சுவதைப் போன்றது இது. அழுத்தம் ஏறத்தாழக் காற்பங்கிலிருந்து மூன்றிலொரு பங்கு வரை இறங்குகிறது. ஒரு நாளைக்கு ஒரு துளியே போதும். இரண்டு தடவை விட்டால் இரண்டு மடங்கு பலன் கிடைக்காது. மாறாக, பலன் குறையவும் கூடும்.

எந்த மருந்து என்ற முதல் கேள்விக்கு விடை இங்கே வந்துவிட்டது. போத்தலில் எழுதியிருக்கும் மருந்தின் பெயர் "ப்ரோஸ்ட்" என்று முடிந்தால் அது இந்தக் குடும்பம். டைமோலோல் போல "லோல்" என்று முடிவது வேறு குடும்பம். அது கதிராளியின் நிறத்தை மாற்றுவதில்லை. ஆனால் அதற்கு வேறு கண்டங்கள் உண்டு, குறிப்பாகத் தொய்வு (ஆஸ்துமா) நோயாளிகளுக்கு. இரண்டையும் ஒரே போத்தலில் கலந்தும் தருகிறார்கள். அப்படியானால் பெட்டியில் இரண்டு பெயரும் இருக்கும். குளுக்கோமா மருந்து எல்லாமே நிறத்தை மாற்றும் என்ற பேச்சு இந்த இடத்தில் விழுந்துவிடுகிறது.

கண்ணின் நிறம் எங்கிருந்து வருகிறது

நீலக் கண்ணில் நீல நிறப்பொருள் இருக்கிறது, பச்சைக் கண்ணில் பச்சை நிறப்பொருள் இருக்கிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். இரண்டும் இல்லை. எல்லோருடைய கண்ணிலும் இருப்பது ஒரே நிறப்பொருள்தான். தோலிலும் தலைமயிரிலும் இருக்கும் அதே மெலனின். அது கபிலமும் கறுப்பும் கலந்த நிறம் கொண்டது. அதை உண்டாக்கும் கலங்களை நிறமிக் கலங்கள் என்போம்.

கதிராளிக்கு இரண்டு அடுக்குகள் உள்ளன. பின்னடுக்கு எல்லோருக்கும் கரும் நிறம். முன்னடுக்கில்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு: நமக்கு அங்குள்ள நிறமிக் கலங்களில் மெலனின் நிறைய இருக்கிறது; நீலக் கண்ணருக்கு மிகக் குறைவாக இருக்கிறது. குறைவாக இருந்தால் நீலம் எப்படித் தெரிகிறது? விறகடுப்புப் புகையைக் கரிபிடித்த சுவருக்கு முன்னால் பார்த்திருப்பீர்கள். மெல்லிய நீலமாகத் தெரியும். புகையில் நீலச் சாயம் எதுவும் இல்லை. அதன் நுண்துகள்கள் ஒளியின் நீலப் பகுதியை அதிகமாகச் சிதறடிக்கின்றன, பின்னாலுள்ள இருட்டு அதைத் தூக்கிக் காட்டுகிறது. நிறமி குறைந்த முன்னடுக்கு புகையைப் போலவும், கரிய பின்னடுக்கு சுவரைப் போலவும் இருந்து நீலத்தைக் காட்டுகின்றன. நடுத்தரமாக மெலனின் இருக்கும் கண்கள் பச்சையாகவோ, தேன் நிறமாகவோ, கண்மணியைச் சுற்றிக் கபிலமும் வெளியோரத்தில் வெளிர் நிறமுமாகவோ தெரியும். இந்தக் கடைசி வகையைக் கலப்பு நிறக் கண் என்று அழைப்போம். நமது கதையில் முக்கியமான ஆள் அதுதான்.

சாயத்தொட்டிக்குப் போன ஓர் உத்தரவு

இனி இரண்டாம் கேள்வி. மருந்தின் சாயம் கண்ணில் படிகிறது என்பது நான் அதிகம் கேட்ட விளக்கம். போத்தலிலிருந்து ஒரு துளியை வெள்ளைக் கோப்பையில் விட்டுப் பார்த்தால் அது தண்ணீர்போலத் தெளிவாக இருக்கும். படிவதற்கு அதில் நிறம் இல்லை. கண்ணுக்குள் நடப்பது வேறு.

மருதமுனையில் கைத்தறிக்கு நூல் சாயம் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். துணியின் நிறத்தை ஆழமாக்க இரண்டு வழிகள் இருக்கலாம்: நூல்களை அதிகமாக்கி நெருக்கி நெய்வது, அல்லது அதே எண்ணிக்கை நூலுக்கு இன்னும் சாயம் ஏற்றுவது. ப்ரோஸ்ட் மருந்து செய்வது இரண்டாவது. அது சாயம் அல்ல. சாயம் போடுபவருக்குப் போகும் உத்தரவு. கதிராளியின் நிறமிக் கலங்கள் அந்த உத்தரவை வாங்கி, மெலனின் தயாரிக்கும் நொதியத்தைக் கூட்டி, தமக்குள்ளே மேலும் மெலனினை நிரப்பிக்கொள்கின்றன. கலங்களின் எண்ணிக்கை கூடுவதில்லை. புற்றுநோய் என்ற பயத்துக்குப் பதில் இந்த ஒரு வசனத்தில்தான் இருக்கிறது: புற்றுநோய் கலங்கள் கட்டுமீறிப் பெருகுவது, இங்கே கலங்கள் பெருகவில்லை, இருக்கும் கலம் தன் பெட்டகத்தை நிரப்புகிறது. கதிராளியில் ஏற்கெனவே மச்சம்போல இருக்கும் புள்ளிகளும் இந்த மருந்தால் பெருப்பதாகக் காணப்படவில்லை.

மருந்து சந்தைக்கு வருவதற்கு முன்னரே, குரங்குகளில் செய்த சோதனையில் கதிராளி கறுப்பது தெரிந்திருந்தது. மனிதர்களிலும் அது வரும் என்று எதிர்பார்த்தே கண்காணித்தார்கள். மறைத்து வைத்திருந்த இரகசியம் இப்போது அம்பலமாகிவிட்டது என்ற தொனியில் கைத்தொலைபேசியில் சுற்றும் செய்திகளுக்கு ஆதாரமில்லை.

மாற்றம் ஒரேயடியாகவும் வருவதில்லை. கண்மணியைச் சுற்றியுள்ள கபில நிறம் கோலத்தின் நடுப்புள்ளியிலிருந்து விரிவதுபோல வட்டமாக வெளியோரம் நோக்கி மெல்லப் பரவுகிறது. தொடங்குபவர்களுக்குப் பெரும்பாலும் முதல் எட்டு மாதங்களுக்குள் தொடங்குகிறது. இரண்டாம் மூன்றாம் வருடத்தில் தொடங்குவது அபூர்வம். லட்டானோப்ரோஸ்ட் பற்றிய ஐந்தாண்டுப் பாதுகாப்பு ஆய்வில் 33 சதவீதமானோரிடம் ஏதோ ஓர் அளவில் நிற ஏற்றம் காணப்பட்டது. இந்த எண்ணைக் கேட்டதும் மூன்றில் ஒருவருக்குக் கண் நிறம் மாறும் என்று பயப்பட வேண்டாம். அதில் பெரும்பகுதி மிகச் சிறிய மாற்றம், பல வேளைகளில் நோயாளியே கவனித்திராதது.

மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும்? நிறம் மேலும் ஏறுவது நிற்கும். ஆனால் ஏறிய நிறம் பெரும்பாலும் இறங்காது. தோல் நாளாந்தம் உரிந்து புதுப்பிக்கப்படுவதால் வெயிலில் கறுத்த கை சில மாதங்களில் வெளுக்கிறது. கதிராளி அப்படி உரிவதில்லை. கலத்துக்குள் போன மெலனின் அங்கேயே தங்கிவிடுகிறது.

இதுவரை: மருந்து கண்ணுக்குச் சாயம் பூசவில்லை, கண்ணின் சொந்த நிறப்பொருளைக் கூட்டுகிறது. மாற்றம் திரையின் துணியில். ஒளி போகும் துளையில் அல்ல. ஆகையால் பார்வை குறைவதில்லை, காணும் பொருள்களின் நிறமும் மாறுவதில்லை.

யாருக்குத் தெரியும்

மூன்றாம் கேள்விக்கு மருதமுனைத் துணியே பதில் சொல்லும். ஏற்கெனவே அடர்ந்த கபிலத்தில் தோய்ந்த துணியை அதே கபிலத்தில் இன்னொரு தடவை தோய்த்தால் யார் கண்டுபிடிப்பார்? பாதி சாயமும் பாதி வெளுப்புமாக இருக்கும் துணியைத் தோய்த்தால்தான் வேறுபாடு பளிச்சென்று தெரியும். பச்சையும் கபிலமும், மஞ்சளும் கபிலமும், சாம்பலும் கபிலமும் கலந்த கண்களில்தான் இந்த மாற்றம் அதிகமாகக் காணப்படுகிறது. முழுக்க நீலமான கண்ணில் அது அபூர்வம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவருமாகப் பெரும்பாலானோருக்குக் கண் அடர் கபிலம். நமக்கு நிறம் ஏறினாலும், மருத்துவர் நுணுக்கமாகப் படமெடுத்து ஒப்பிட்டால்தான் தெரியக்கூடும். ஆனால் பூனைக்கண்ணர்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை. எல்லாச் சமூகத்திலும் ஆங்காங்கே இருக்கிறார்கள், மட்டக்களப்பின் பறங்கியர் குடும்பங்கள் சிலவற்றிலும் உண்டு. கண்ணின் ஓரம் வெளிறி நடு கபிலமாக இருக்கும் ஒருவர் இந்த மருந்தைத் தொடங்கும்போது, நிறம் மாறக்கூடும், மாறினால் நிலைத்துவிடும் என்பதை முதலிலேயே கேட்டு அறிந்துகொள்வது அவருடைய உரிமை. இதைச் சொல்ல மருத்துவருக்கு நெரிசலில் நேரம் கிடைக்காவிட்டாலும் நாம் கேட்கலாம்.

ஒரு கண்ணுக்கு மட்டும் மருந்து எழுதப்படும் ஆளுக்கு இது இன்னும் பொருந்தும். இரு கண்ணும் சேர்ந்து அரை மாற்றுக் கறுத்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒன்று மட்டும் கறுத்தால், வெளிர் நிறக் கண்ணருக்கு முகத்தில் இரண்டு நிறக் கண்கள் அமைந்துவிடும். பார்வைக்கு அது தீங்கில்லை. ஆனால் இருபத்தெட்டு வயதுப் பிள்ளைக்கு அதைச் சிறு விடயம் என்று சொல்ல நான் தயாரில்லை. அவருக்கு வேறு குடும்ப மருந்து சரிவருமா என்று கேட்பது நியாயமான கேள்வி.

நமக்குக் கண்ணில் படுவது இமைதான்

பெரியம்மா கண்ணாடியில் கண்டது கதிராளியின் மாற்றம் அல்ல, இமைத்தோலின் மாற்றம். கபிலக் கண்ணர் நாட்டில் இந்த மருந்தின் கதை பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. ஆனால் பேச்சு மட்டும் வெள்ளைக்காரரின் நீலக் கண்ணைச் சுற்றியே இருக்கிறது.

போத்தலிலிருந்து விழும் ஒரு துளியைக் கண் முழுவதாகப் பிடித்து வைக்க முடியாது; மிச்சம் வழியும். பெரியம்மா மருந்து விடும் விதத்தை அன்றிரவு அருகில் இருந்து பார்த்தேன். கட்டிலில் சாய்ந்து, போத்தலை உயரத் தூக்கிப் பிடித்து, ஒன்று விழுந்ததா என்று சந்தேகப்பட்டு இன்னொன்றும் விட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டார். இரண்டு துளியிலும் பாதிக்கு மேல் கீழ் இமையில் தேங்கி, கன்னச் சுருக்கத்தால் இறங்கிக் காதடி வரை போனது. துடைக்கவில்லை, மருந்தை வீணாக்கக்கூடாது என்ற எண்ணம். அப்படியே நித்திரையாகிவிட்டார். ஆறு மாதம் இரவு முழுக்க இமைத்தோலில் மருந்து நின்றால், அங்குள்ள நிறமிக் கலங்களும் அதே உத்தரவை வாங்கத்தானே செய்யும்.

கதிராளியைப் போலன்றி இமைத்தோலின் கறுப்பு, மருந்தை மாற்றினால் பெரும்பாலும் சில மாதங்களில் மெல்ல வெளுக்கிறது; தோல் உரியும் இயல்புடையது என்பதே காரணம். மருந்தைத் தொடரும்போதும் அதைக் குறைக்க வழியுண்டு. கீழ் இமையை மெதுவாக இழுத்துப் பை போலாக்கி, அதற்குள் ஒரேயொரு துளி விட்டு, கண்ணை இறுக்காமல் மூடி, மூக்கோரத்துக் கண் மூலையை விரல் நுனியால் ஒன்றிரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்து, இமையில் வழிந்ததைச் சுத்தமான ஈரத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். கண்ணுக்குள் போனது போய்விட்டது. வெளியே வழிந்ததைத் துடைப்பதால் எதுவும் வீணாவதில்லை.

இரண்டாவதாகக் காணக்கூடியது கண்மயிர். அது நீண்டு, தடித்து, கறுத்து வளரும். இதைப் பக்க விளைவு என்று சொல்வதா என்று சிரிப்பவர்கள் உண்டு. பிமாட்டோப்ரோஸ்டை கண்மயிர் வளர்க்கும் அழகு மருந்தாகவே 2008இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். அழகுக்காக அதை மருத்துவரிடம் கேட்காமல் வாங்கிப் பூச நினைப்பவர்கள் இந்தக் கட்டுரையின் மற்றப் பகுதிகளையும் படிக்க வேண்டும். மூன்றாவது, நீண்ட காலப் பாவனையில் சிலருக்கு இமையைச் சூழ்ந்த கொழுப்புக் குறைந்து மேலிமை உட்குழிந்ததுபோலத் தெரிவது. தொடக்கத்தில் கண் சிவப்பதும் உண்டு; பலருக்கு நாளடைவில் அது தணிகிறது.

மருந்தின் தலையில் கட்டக்கூடாதவை

நிறம் மாறுகிறது என்று சொல்லி வருபவர்கள் எல்லோரும் ஒரே மாற்றத்தைச் சொல்வதில்லை. வயதானவர்களின் கறுப்பு வட்டத்தைச் சுற்றிச் சாம்பல் அல்லது வெளிர் நீல வளையம் விழுவது பெரும்பாலும் கோர்னியாவின் ஓரத்தில் கொழுப்புப் படிவதால்; கதிராளிக்கும் துளிமருந்துக்கும் அதில் பங்கில்லை. கண்மணி வெளுத்துத் தெரிவது வெண்புரை, அதாவது உள்ளேயுள்ள வில்லை மங்குவது. கடலிலும் வயலிலும் வெயிலிலும் காற்றிலும் நின்று உழைப்பவர்களுக்கு, மூக்கோரத்திலிருந்து கறுப்பை நோக்கிச் சதை வளர்வது இன்னொன்று. காயம் ஆறிய இடத்தில் கோர்னியா வெளுப்பதைத்தான் கண்ணில் பூ விழுந்தது என்கிறோம்.

ப்ரோஸ்ட் மருந்தின் மாற்றம் மாதக்கணக்கில், வலியில்லாமல், கபிலத்தை நோக்கியே போகும். கதிராளியில் புதிதாகக் கரும்புள்ளி தோன்றினாலோ, மருந்தே விடாத கண் நிறம் மாறினாலோ, கண் வெளிறினாலோ அது வேறு காரணம், காட்ட வேண்டும். கண் சிவந்து கடுமையாக வலித்து, தலையிடியும் வாந்தியும் சேர்ந்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்கக் கூடாது; அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அது திடீரெனக் கண்ணழுத்தம் ஏறியதன் அறிகுறியாக இருக்கலாம்.

நிறுத்துவதா, மாற்றுவதா

நான்காம் கேள்வியான பார்வைக்கு என்ன ஆகும் என்பதைத் தராசில் வைத்துப் பார்க்கலாம். ஒரு தட்டில் கதிராளி கொஞ்சம் கறுப்பது. அது திரும்பாது, ஆனால் பார்வையைத் தொடாது. மறு தட்டில் நரம்பு இழை பட்டுப்போவது. அதுவும் திரும்பாது, ஆனால் அது பார்வையே. மருந்தைத் தாமாக நிறுத்துபவர் முதல் தட்டைப் பார்த்துப் பயந்து இரண்டாம் தட்டைக் கூட்டிவிடுகிறார். குளுக்கோமாவுக்கு வலி இல்லாததால், நிறுத்திய மறுநாளும் மறுமாதமும் ஒன்றும் ஆகவில்லையே என்று தோன்றும். அந்தத் தோற்றம்தான் ஆபத்து.

நிறமோ இமைக் கறுப்போ மனதை வருத்தினால், நிறுத்தாமல் கொப்பியை எடுத்துக்கொண்டு போய்ச் சொல்ல வேண்டும். வேறு குடும்பத் துளிகள் இருக்கின்றன. சிலருக்கு லேசர் சிகிச்சையும் சத்திரசிகிச்சையும் உதவுகின்றன. எது பொருந்தும் என்பது நரம்பின் நிலையையும் மற்ற நோய்களையும் பார்த்துக் கண் மருத்துவர் எடுக்கும் முடிவு.

இதோடு நம் ஊருக்கே உரிய ஒரு சிறு விடயம். லட்டானோப்ரோஸ்ட் போத்தல்கள் பலவற்றைத் திறக்கும் வரை 2 முதல் 8 பாகை செல்சியசிலும், திறந்த பின் 25 பாகைக்கு மேற்படாமலும் வைக்கச் சொல்லிப் பெட்டியில் எழுதியிருக்கும். திறந்து நான்கு முதல் ஆறு கிழமைக்குள் முடிக்கவும் சொல்லியிருக்கும். கச்சான் என்ற வெப்பக் காற்று அடிக்கும் மாதங்களில் மட்டக்களப்பில் எந்த வீட்டு அலுமாரி 25 பாகையில் இருக்கிறது? திறந்த போத்தலையும் பிரிட்ஜின் கதவுத் தட்டில் வைப்பதே நல்லது, உறைய விடாமல். திறந்த திகதியைப் பேனையால் போத்தலில் எழுதிவிட்டால் தர்க்கம் இல்லை.

பெரியம்மாவின் நான்கு நாள் இடைவெளியை அடுத்த கிளினிக்கில் மறைக்காமல் சொன்னோம். மருத்துவர் கோபிக்கவில்லை, அழுத்தத்தை அளந்து பார்த்து அதே மருந்தைத் தொடரச் சொன்னார். நிறம் மாறுகிறதா என்ற சந்தேகம் தீர, பகல் வெளிச்சத்தில் யன்னலோரம் இருத்தி இரண்டு கண்களையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைத்தோம்; பத்து மாதம் கழித்து அதே யன்னலோரத்தில் இன்னொரு படம் எடுத்தோம். போன கிழமை பேத்தியிடம் இரண்டையும் காட்டி எது பழையது என்று கேட்டதற்கு, அவள் கதிராளியை நெடுநேரம் உற்றுப் பார்த்தும் சொல்ல முடியாமல், கடைசியில் கண்மயிர் நீளமாக இருக்கும் படத்தைத் தொட்டு, இதுதான் புதியது என்றாள்.